கடலை அளந்த பேராசிரியர்

பெங்களூரில் வாழும் நாம் கடலைவிட்டு நெடுந்தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூர்க் கடற்கரையும் நமக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. நகரமோ கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வஞ்சிரமோ நெத்திலியோ வாங்கும் வேளையில்தான் நம்மிற் பலருக்குக் கடலின் நினைவு வருகிறது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்நினைவு இன்னும் சற்று அடிக்கடி வரலாம்.

ஆனால் நம் வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் எங்கே செல்கிறது? நகரத்தின் ஒரு பகுதி நீர் விருஷபாவதி என்னும் சிற்றாற்றின் வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கிறது. மற்றொரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையிற் சேர்ந்து, ஒசூர், கிருஷ்ணகிரி வழியே கடலூரை நோக்கி நடக்கிறது. வழியில் அணைகளும் வாய்க்கால்களும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது வங்கக் கடலில் விழுகிறது. ஆகவே, நாம் கழுவி ஊற்றுவதெல்லாம் என்றேனும் ஒருநாள் ஏதேனும் ஒரு கழிமுகத்தைச் சென்றடைகிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரையைக் கண்டவர்கள் இதனைச் சிறிது கவலையோடுதான் கேட்பார்கள்.

நிலத்திலிருந்து வரும் நீர் கடலுக்கு என்ன கொடுக்கிறது? அதனால் எவ்வளவு உணவு விளைகிறது? விளைந்ததில் எவ்வளவு உண்ணப்படுகிறது? இக்கேள்விகளுக்குக் கொச்சிக் காயலில் விடை தேடி, மாதந்தோறும் அளந்து கணக்கெழுதிய ஒருவரைப் பற்றியே இங்குக் கூறவிருக்கிறேன். அவர் டாக்டர் சையது ஜஹூர் காஸிம். பேராசிரியராகத் தொடங்கி, ஆராய்ச்சிக் கழகங்களின் தலைவராகி, மத்திய அரசின் செயலாளராகி, ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர். அவருடைய கணக்கு அச்சேறியது நம் பெங்களூரில்தான். சர் சி. வி. இராமன் 1934இல் இங்கு நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில், 1969ஆம் ஆண்டில், அது வெளிவந்தது.

காஸிமும் கடலருகே பிறந்தவரல்லர். அவர் 1926ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். கங்கையும் யமுனையும் கூடும் இடமாகையால் நீருக்குக் குறைவில்லை. ஆயினும் கடலைக் காண வேண்டுமாயின் இரயிலேறி நெடுந்தூரம் செல்லவேண்டும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1951இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1953இல் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்று, வேல்ஸ் நாட்டின் வடபகுதியிலுள்ள பாங்கர் நகரக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

பாங்கர் நகரை ஒட்டி மெனாய் என்னும் குறுகிய நீரிணை ஓடுகிறது. அங்கே ஓதம் மிக உயர்ந்து ஏறும். வற்றும்போது பாறைகளும் கற்குவியல்களும் வெளியே தெரியும். அந்தப் பாறை இடுக்குகளில் விரலளவும் அதற்குச் சற்று மேலுமான மீன்கள் வாழ்கின்றன. நீர் வற்றிய வேளையிலும் அவை ஈரக் கற்களின் அடியில் ஒளிந்து உயிர் தாங்கும். சந்தையில் விலைபோகாத இந்த மீன்களைத்தான் காஸிம் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒருவகையில் பெண்மீன் கல்லின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டிவைத்துச் சென்றுவிட, ஆண்மீனே அவற்றுக்குக் காவலிருக்கிறது. அவை எப்போது முட்டையிடுகின்றன, குஞ்சு எவ்வாறு வளர்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்பவற்றை வரிசையாகக் கண்டறிந்து 1956இல் டாக்டர் பட்டம் பெற்றார். பயனற்ற மீனைப் பற்றி இத்தனை உழைப்பா என்று கேட்கலாம். ஒரு மீனின் வாழ்க்கையை முழுமையாகப் படிக்கக் கற்றவர் எந்த மீனையும் படிக்கலாம் என்பதே அதற்கு விடை.

அலிகருக்குத் திரும்பியபின் அதுவே நடந்தது. அங்குக் கடல் இல்லை. ஆறுகளும் குளங்களும் இருந்தன. வட இந்தியச் சமவெளியின் நன்னீர் மீன்கள் ஆண்டில் எத்தனை முறை, எந்தப் பருவத்தில் முட்டையிடுகின்றன என்பதை அவரும் அவருடன் பணியாற்றியவரும் ஆராய்ந்தனர். மழைக்காலத்திற்கும் மீன்களின் இனப்பெருக்கத்திற்கும் உள்ள தொடர்பு அவருடைய மனத்தில் அப்போதே பதிந்திருக்கவேண்டும். பின்னர்க் கொச்சியில் அவர் எழுப்பிய கேள்விகளிலும் மழையே நடுநாயகமாக நின்றது.

1959 முதல் 1965 வரை இந்துமாக்கடலை ஆராய உலக நாடுகள் பல ஒன்று கூடின. சுமார் நாற்பது கப்பல்கள் அப்பணியில் ஈடுபட்டன. உலகின் பெருங்கடல்களுள் அதுவரை மிகக் குறைவாக அறியப்பட்டிருந்தது நம்முடையதுதான். பருவக்காற்றின் திசை மாறும்போது நீரோட்டமும் திசை மாறும் விந்தை இக்கடலின் வடபகுதியிற்போல் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணப்படுவதில்லை. 1962இல் காஸிம் பல்கலைக்கழகப் பதவியை விட்டு இந்தப் பெரும் பணியில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். அது முடிந்ததும், 1966 ஜனவரி முதல் நாளில், தேசியக் கடலியல் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் உயிரியல் பிரிவு கொச்சியில் இயங்கியது. காஸிமின் சிறந்த ஆராய்ச்சிகள் நடந்தது அங்கேதான் என்பது என் கருத்து; ஆகவே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கொச்சியில் வேம்பநாட்டுக் காயல் ஒரு குறுகிய வாயின் வழியாகக் கடலோடு கலக்கிறது. பெரியாறும் வேறு சில ஆறுகளும் மலைநீரைக் கொண்டுவந்து அதில் சேர்க்கின்றன. கோடையில் கடல்நீர் உள்ளே புகுந்து காயல் உப்பாகிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆறுகள் பெருகி, மேல்மட்ட நீர் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடுகிறது. வண்டல் கலங்குகிறது, வானம் மூடிக்கொள்வதால் வெயிலும் குறைகிறது. இத்தகைய இடத்தில் உயிர்கள் எவ்வாறு பிழைக்கின்றன?

கடலிலும் காயலிலும் புல்வெளி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே மேய்ச்சல் நிலமாக இருப்பவை, நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரங்கள். வெயிலைக் கொண்டு உணவைச் சமைப்பவை அவையே. அவற்றைச் சிறு மிதவை விலங்குகள் உண்ணும். அவ்விலங்குகளை மீன் உண்ணும். மலையாளக் கரையின் மத்தி மீன், இடைத்தரகர் இல்லாமல் அத்தாவரங்களையே பெரும்பாலும் உண்டு கொழுக்கிறது. மத்தியையும் நெத்திலியையும் வஞ்சிரம் உண்கிறது; வஞ்சிரத்தை நாம் வாங்குகிறோம். ஆக, முதலில் எவ்வளவு தாவரம் விளைகிறது என்பதை அறிந்தாலன்றி எவ்வளவு மீன் கிடைக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. இம்முதல் விளைவையே விஞ்ஞானிகள் உற்பத்தி என்கின்றனர். அலுவலகக் கோப்புகளில் இச்சொல்லை ஆலைகளுக்கும் சிமெண்டு மூட்டைகளுக்கும் எழுதிப் பழகிய எனக்கு, ஒரு கரண்டிக் காயல் நீருக்கும் அதே சொல் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்ளச் சிலகாலம் பிடித்தது.

அதனை அளக்கும் முறைகளுள் எளியது ஒன்றைக் கூறுகிறேன். ஒரே ஆழத்தில் எடுத்த நீரை இரண்டு புட்டிகளில் நிரப்புவார்கள். ஒன்று தெளிந்த கண்ணாடி. மற்றொன்று வெளிச்சம் புகாதபடி கருப்பாக மூடப்பட்டது. இரண்டையும் கயிற்றிற் கட்டி, நீர் எடுத்த ஆழத்திலேயே சில மணி நேரம் தொங்கவிடுவார்கள். தெளிந்த புட்டியில் தாவரங்கள் உணவு சமைத்து ஆக்ஸிஜனை வெளியிடும்; அதே நேரத்தில் எல்லா உயிர்களும் மூச்சு விட்டு ஆக்ஸிஜனைச் செலவிடும். கருப்புப் புட்டியில் செலவு மட்டுமே உண்டு, வரவு இல்லை. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் மொத்த விளைவு தெரிந்துவிடும். இதனினும் நுட்பமான முறையில் கதிரியக்கமுள்ள கரிப்பொருளைச் சிறிதளவு கலந்து, தாவரங்கள் அதில் எவ்வளவை ஈர்த்துக்கொண்டன என்று பார்ப்பார்கள். வரவு, செலவு, நிகர இருப்பு என்னும் இந்தக் கணக்கு வீட்டுச் செலவு எழுதும் எவருக்கும் விளங்கும்.

காஸிமும் உடன் ஆராய்ச்சியாளர்களும் கண்ட முடிவுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். காயலில் விளையும் தாவர உணவு, அங்குள்ள மிதவை விலங்குகள் உண்ணக்கூடியதை விட மிகுதியாக இருந்தது என்பது ஒன்று. உண்ணப்படாதது அடியில் படிந்தோ ஓதத்தோடு கடலுக்குச் சென்றோ வேறு உயிர்களுக்கு உணவாகிறது. காயலிலிருந்து கடல் பெறும் கொடை இது. மற்றொன்று, 1972இல் வெளியான ஆராய்ச்சியில் கண்டது. இப்பகுதி மிதவைத் தாவரங்கள் பலவற்றை வெவ்வேறு உப்பளவுள்ள நீரில் வைத்துப் பார்த்தபோது, அவை கடல்நீரின் முழு உப்பளவைக் காட்டிலும் குறைந்த உப்பில்தான் நன்றாகச் செயற்பட்டன. மழையால் காயல் நன்னீராவது அவற்றுக்குக் கேடு என்று நாம் எண்ணுவோம். அவையோ அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. குளிர்நாட்டு நூல்களைப் படித்து இதனை அறிந்திருக்க முடியாது.

அக்காலத்தில் காயலையும் கழிமுகத்தையும் பற்றிய ஆராய்ச்சி கொச்சியில் மட்டும் நடந்ததென்று எண்ணிவிடலாகாது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இதே வகையான பணியில் ஈடுபட்டிருந்தது. லட்சத்தீவின் கவரத்தியிலும் காஸிம் ஆராய்ந்தார். சுற்றிலும் உணவு குறைந்த தெளிந்த நீர் இருக்க, பவளப்பாறை மட்டும் எவ்வாறு செழிக்கிறது என்ற கேள்வி அங்கே அவரை ஈர்த்தது. பாறையைக் கடந்து வரும் நீர், பாறையிலிருந்தே உயிர்ப்பொருளைச் சுமந்து உள்ளே வருகிறது என்று அளந்து காட்டினார்.

1970களின் தொடக்கத்தில் அவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். 1947இல் தொடங்கப்பெற்ற இக்கழகத்தின் தலைமை நிலையம் நெடுங்காலம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இருந்தது. 1971இல் கொச்சிக்கு மாறியது. அவர் தலைமையேற்றிருந்த காலத்தில் தமிழ்க் கரையில் நடந்த ஒன்று நமக்கு மகிழ்ச்சி தருவது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. பாறைகளில் சிப்பி அருகிவிட்டது. 1972இல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. சிப்பியின் உடலுக்குள் ஓட்டினால் ஆன ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்துவிட்டால், அந்த மணியைச் சுற்றிச் சிப்பி முத்துப் பொருளைப் பூசிக்கொண்டே வரும். ஜப்பானியர் இதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் தொழில் நுட்பத்தை எளிதில் வெளியே சொல்லமாட்டார்கள். 1973 ஜூலையில் டாக்டர் கே. அழகர்சாமி இதில் வெற்றி பெற்று, வளர்ப்பு முத்தை இந்தியாவிலேயே உண்டாக்கினார். அதே ஆண்டு காஸிமும் அவரும் சேர்ந்து, முத்து வளர்ப்பு இந்நாட்டுக்கு என்ன பயன் தரும் என்று ஒரு கட்டுரை எழுதினர்.

1974இல் காஸிம் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் கழகத்தின் இயக்குநரானார். இங்கிருந்துதான் அவருடைய வாழ்வில் ஆராய்ச்சி மேசையை விட ஆட்சி மேசை பெரிதாகிறது. புட்டிகளைத் தம் கையால் காயலில் இறக்கிப் பார்க்கும் நாள்கள் குறைந்தன. நல்ல ஆராய்ச்சியாளரை நிர்வாகத்தில் அமர்த்துவது, நல்ல பசுவை ஏரிற் பூட்டுவது போலாகும் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. கொச்சியில் செய்தது போன்ற ஆராய்ச்சியை இன்னும் பத்து ஆண்டு தொடர்ந்திருந்தால் எத்தனையோ தெரிந்திருக்கலாம். ஆனால் கடல் ஆராய்ச்சிக்கு ஒரு தனி இடர் உண்டு. கவிஞனுக்கு ஏடும் எழுதுகோலும் போதும். கணித வல்லுநருக்கு அதுவும் வேண்டா. கடலை அறியவேண்டுமாயின் கப்பல் வேண்டும்; மாலுமிகள் வேண்டும்; எண்ணெய் வேண்டும்; அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கும் கோப்பு ஒன்று டில்லியில் நகரவேண்டும். கோப்பு நகர்த்துவதில் பங்கு கொண்டவன் என்ற முறையில் கூறுகிறேன்: அந்தக் கோப்பை எழுதுபவருக்குக் கடல் தெரிந்திருத்தல் பெரிய நன்மை.

1976இல் அக்கழகத்திற்குக் கவேஷணி என்னும் ஆராய்ச்சிக் கப்பல் கிடைத்தது. தூர் வாரிய மண்ணை ஏற்றிச் செல்லும் கலமாக அமைந்ததை மாற்றி ஆராய்ச்சிக்கு உகந்ததாக்கினார்கள். அக்கப்பல்தான் 1981 ஜனவரி 26ஆம் நாள், குடியரசு தினத்தன்று, ஆழ்கடலின் அடியிலிருந்து உலோக உருண்டைகளை எடுத்து வந்தது. உருளைக்கிழங்கு போன்ற தோற்றமுடைய அக்கரிய உருண்டைகளில் மாங்கனீசும் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் உள்ளன. அவை ஓர் அங்குலம் வளரப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். இந்த முயற்சியின் தொடர்ச்சியாக, 1987இல் இந்துமாக்கடலின் நடுப்பகுதியில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராயும் உரிமை இந்தியாவிற்குக் கிடைத்தது.

1981 ஜூலையில் கடல் வளர்ச்சிக்கென மத்திய அரசில் தனித்துறை ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே காஸிம் அரசின் செயலாளராக நியமனம் பெற்றார். செயலாளர் என்றால் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர் என்பதே நம் எண்ணம். இவரோ 1981 டிசம்பர் 6ஆம் நாள், போலார் சர்க்கிள் என்னும் நார்வே நாட்டுக் கப்பலில், கோவாவிலிருந்து தென்துருவக் கண்டத்திற்குப் புறப்பட்டார். இருபத்தொரு பேர் கொண்ட குழுவிற்கு அவரே தலைவர். வயது ஐம்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. பயணச் செய்தி வெளியிடப்படவில்லை. 1982 ஜனவரி 9ஆம் நாள் குழுவினர் பனிக்கண்டத்தில் இறங்கிய பின்னரே நாட்டு மக்கள் அறிந்தனர். ஆளின்றித் தானே இயங்கும் வானிலைக் கருவியை அங்கு நிறுவிவிட்டு, பிப்ரவரி 21ஆம் நாள் கோவா திரும்பினர். மொத்தம் 77 நாள் பயணம்.

வெப்பநாட்டவராகிய நமக்குப் பனிக்கண்டத்தில் என்ன வேலை என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தனர். நம் பருவமழைக்கும் தென்கடலின் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பு ஒருபுறம் இருக்கட்டும். தென்துருவத்தின் வருங்காலத்தைச் சில நாடுகள் தமக்குள் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டிருந்தன. அந்த அவையில் இடம்பெற வேண்டுமாயின் அங்கே ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும். 1983 ஆகஸ்டில் இந்தியா தென்துருவ உடன்படிக்கையிற் சேர்ந்தது. செப்டம்பரிலேயே வாக்குரிமையுள்ள உறுப்பினராயிற்று. மூன்றாம் பயணத்தின்போது தட்சிண கங்கோத்ரி என்னும் நிலையம் எழுந்தது. அந்தப் பயணத்தில் சென்ற இரு பெண் விஞ்ஞானிகளுள் ஒருவரான டாக்டர் அதிதி பந்த், காஸிம் தலைமை வகித்த கோவாக் கழகத்தைச் சேர்ந்தவர். தட்சிண கங்கோத்ரியைப் பின்னர்ப் பனி மூடிவிட்டது. அதற்குப் பின் மைத்ரியும், 2012இல் பாரதியும் ஏற்பட்டன. சாகர் கன்யா, சாகர் சம்பதா ஆகிய ஆராய்ச்சிக் கப்பல்கள் 1983இலும் 1984இலும் பணிக்கு வந்தன. காஸிம் செயலாளராக இருந்த காலத்து வரவுகள் இவை.

1988 வரை அப்பொறுப்பில் இருந்தவர், 1989இல் டில்லியிலுள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தரானார். 1920இல் அலிகரில் தோன்றி 1925இல் டில்லிக்கு இடம் மாறிய கல்விக்கூடம் அது. டாக்டர் ஜாகிர் ஹுஸேன் பல்லாண்டு கட்டிக் காத்தது. 1988 டிசம்பரில்தான் நாடாளுமன்றச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. பழைய தேசியக் கல்விக்கூடமொன்று பல்கலைக்கழகமாக உருமாறும் வேளையில் அதனை ஏற்று நடத்துவது எளிதன்று. ஆயினும் அவர் அங்கிருந்தது இரண்டே ஆண்டுகள். ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்பது, நட்ட கன்று வேர்பிடிக்கும் காலம். அதனை வைத்து எவரையும் எடை போடுவது முறையாகாது. 1991இல் திட்டக் கமிஷன் உறுப்பினராகச் சென்று 1996 வரை பணியாற்றினார். அரசு அவருக்கு 1974இல் பத்மஸ்ரீயும் 1982இல் பத்மபூஷணும் வழங்கியிருந்தது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் டில்லியில் காலமானார்.

அவருடைய கொச்சிக் காயல் கட்டுரையைக் காண விரும்பும் பெங்களூர் நேயர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சதாசிவ நகரை அடுத்து, இராமன் ஆராய்ச்சிக் கழக வளாகத்தில் இந்திய விஞ்ஞானக் கழகம் இன்றும் இயங்குகிறது. அதன் பழைய தொகுதிகளைக் கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். உயிரியல் வரிசையில் 69ஆம் தொகுதியைத் தேடவும். கட்டுரை ஆங்கிலத்தில் உள்ளது.

அதில் சில பகுதிகளைத் தமிழாக்கிப் பார்க்கும் முயற்சியில் நான் இருக்கிறேன். கழி, கழிமுகம், ஓதம், வற்றம் என்று வேண்டிய சொற்களெல்லாம் நம் மொழியில் முன்னமே இருப்பதால் வேலை விரைந்து நடக்கிறது. ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். ஏற்றமும் முடிந்து வற்றமும் தொடங்காமல், நீர் அசைவற்று நிற்கும் அந்தச் சிறுபொழுதுக்குப் பெயர் வேண்டும். கடற்கரை ஊர்களில் அதற்கு வழங்கும் சொல் ஒன்று கட்டாயம் இருக்கும். இந்த ஏட்டைப் படிப்பவர்களில் நாகப்பட்டினம், தூத்துக்குடி, குளச்சல் முதலிய ஊர்க்காரர்கள், தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.